இரண்டாம் கியரின் பிடிவாதம்

என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டின் மாஸ்டா மியாட்டா. ஐந்து கியர்களும் இரண்டு இருக்கைகளும் கொண்ட, பின்சக்கரங்களால் ஓடும் சிறிய திறந்த கார். இதை ஓட்டுபவர்கள் பலரும் ஒரு குறையைச் சொல்வார்கள்: குளிர்ந்த காலையில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது கியர் தண்டு பாதி வழியில் முட்டிக்கொண்டு நிற்கும். டொராண்டோவில் அக்டோபர் பிறந்துவிட்டால், வீட்டிலிருந்து புறப்பட்ட முதல் பத்து நிமிடங்களுக்கு நான் இரண்டாம் கியரிடம் கெஞ்சிக்கொண்டுதான் ஓட்டுவேன்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்தான். வெவ்வேறு வேகங்களில் சுழலும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சின்க்ரோ எனப்படும் பித்தளை வளையம். அது கியரின் கூம்பு வடிவ முகத்தை உரசிப் பிடித்த பிறகே பற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். ஆகவே கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய்க்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடமைகள் இருக்கின்றன: பற்களுக்கிடையே அது வழுக்க வேண்டும், வளையத்தின் முகத்தில் வழுக்கக் கூடாது. குளிரில் கெட்டியாகிவிட்ட எண்ணெய் வளையத்தின் நுண்ணிய வரிப்பள்ளங்களை விட்டு விலகத் தாமதிக்கும்போதுதான் அந்த முட்டல் ஏற்படுகிறது. வண்டியின் கையேடு 75டபிள்யூ-90 தடிப்புள்ள எண்ணெயில் ஜிஎல்-4, ஜிஎல்-5 ஆகிய இரண்டு தரங்களையும் ஏற்கிறது. எனினும் நான் ஜிஎல்-4 தான் வாங்கினேன். ஜிஎல்-5 எண்ணெயில் கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் கூடுதலாக இருக்கும். பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலுக்கு அவை தேவை, பித்தளை வளையத்துக்கு அவ்வளவாக ஒத்துவராது.

வண்டியை வாங்கியபோது முந்தைய உரிமையாளர் கொடுத்த ரசீதுகளில் ஒன்று, கியர்பாக்ஸ் எண்ணெய் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாற்றப்பட்டதாகச் சொன்னது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது அந்த ரசீதின்மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. எண்ணெய் ஊற்றும் துளையை மூடும் பக்கவாட்டு போல்ட்டின் விளிம்பில் துருவும் சாலை அழுக்கும் ஒரே மேலோடாக இறுகிக் கிடந்தன. ஸ்பேனர் பட்ட தடயம் எதுவும் இல்லை.

இந்த வேலையில் மறக்கக் கூடாத ஒழுங்கு ஒன்று உண்டு: எண்ணெயை வடிக்கும் அடி போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே, ஊற்றும் போல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். வடித்து முடித்த பிறகு ஊற்றும் போல்ட் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், எண்ணெய் இல்லாத கியர்பாக்ஸோடு வண்டி அதை உயர்த்தித் தாங்கும் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் சிக்கிக்கொள்ளும். என் போல்ட் நன்றாகவே அடம்பிடித்தது. முந்தைய இரவே துரு இளக்கும் திரவத்தைத் தெளித்து வைத்திருந்தேன். காலையில் 24 மில்லிமீட்டர் சாக்கெட்டை நீண்ட கைப்பிடியில் பொருத்தி, அதன் முனையில் இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி, கால்களை நிலத்தில் ஊன்றிக்கொண்டு இழுத்த மூன்றாவது முறையில் சட்டென்ற ஒலியோடு அது அசைந்தது. போல்ட் உடைந்துவிட்டது என்றே ஒரு கணம் நினைத்தேன்.

எண்ணெய் சூடாக இருந்தால்தான் முழுமையாக வடியும் என்பதால், பிறகு போல்ட்டைக் கையளவு இறுக்கத்தில் திரும்பப் பூட்டி, வண்டியை இறக்கி, கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, மீண்டும் நான்கு ஸ்டாண்டுகளில் சமமாக ஏற்றினேன். முன்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் எண்ணெயின் மட்டம் பொய் சொல்லும். கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் இணைத்துச் செல்லும் நீண்ட அலுமினியச் சட்டம் ஜாக் வைக்க வாகான இடம்போல் தோன்றும்; அதில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

வடிந்தது தேநீர்ச் சாயம்போலக் கறுத்த எண்ணெய், கந்தக நெடியோடு. தட்டைச் சற்றே சாய்த்தபோது அதன் பரப்பில் பொன்தூள் மிதப்பதுபோல் ஒரு மினுமினுப்பு ஓடியது. அது சின்க்ரோ வளையங்கள் தேய்ந்து உதிர்ந்த பித்தளை. அடி போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லிய மீசைபோல ஒட்டியிருந்தது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன்: மாவுபோல் வழவழத்தது, சில்லு எதுவும் நெருடவில்லை. சில்லுகள் இருந்திருந்தால் புது எண்ணெயோடு வேலை முடிந்திருக்காது. அளந்து பார்த்தபோது ஒன்றரை லிட்டரைச் சற்றே தாண்டியது. இந்த ஐந்து கியர் பெட்டி கொள்ளும் அளவோ 2 லிட்டர்.

புது எண்ணெய்ப் புட்டிகளை வெந்நீர் வாளியில் நிறுத்தி இளக்கிய பிறகு, எஞ்சின் பகுதியிலிருந்து கீழே இறக்கிய நிறமற்ற ரப்பர்க் குழாயின் வழியாகப் புனல் வைத்து ஊற்றினேன். குழாயின் மறுமுனை துளைக்குள்ளேயே இருக்கிறதா என்பதைப் பார்க்க இன்னொருவர் இருந்திருந்தால், என் சட்டையின் வலது கை பிழைத்திருக்கும். துளையின் கீழ் உதட்டிலிருந்து எண்ணெய் நூலாக வழியத் தொடங்கியதும் நிறுத்தி, அது சொட்டாகக் குறையும்வரை காத்திருந்து, புது வாஷரோடு மூடினேன். முந்தையவரைப் பழிவாங்குவதுபோல் இறுக்கத் தேவையில்லை. கையேடு ஊற்றும் போல்ட்டுக்கு 25 முதல் 39 நியூட்டன் மீட்டர் வரை மட்டுமே கேட்கிறது.

கியர் தண்டின் அடியில் இருக்கும் சிறிய கிண்ணத்துக்குத் தனி எண்ணெய் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கீழே எவ்வளவு ஊற்றினாலும் அது நிரம்பாது. வண்டிக்குள்ளிருந்து நடுப்பெட்டியைக் கழற்றி, ரப்பர் உறைகளை விலக்கி, தண்டை வெளியே எடுத்தபோது கிண்ணம் ஏறக்குறைய வறண்டிருந்தது. ஊசிக்குழலால் 90 மில்லிலிட்டர் அளவில் ஊற்றினேன். தண்டு கையில் தரும் உணர்வு மாறியதில் பாதிக்கும் மேல் இந்தச் சிறிய அளவால்தான் என்பது என் கணிப்பு.

பழைய எண்ணெயை நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் ஒப்படைத்தேன். மறுநாள் காலை இரண்டாம் கியர் முட்டியது, ஆனால் இரண்டாவது தெருமுனைக்குள் வழிக்கு வந்துவிட்டது. காணாமல்போன எண்ணெயின் கதையைக் கியர்பாக்ஸின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தைச் சுற்றி அப்பியிருந்த ஈர அழுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது. அந்த வளையத்தை மாற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் சுழற்சியைக் கடத்தும் இயக்கத் தண்டைக் கழற்ற வேண்டும். இப்போதைக்கு வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்திருக்கிறேன். ஒரு வாரத்தில் அதில் நாணய அளவில் ஒரே ஒரு கறை விழுந்திருக்கிறது.