பச்சைமிளகுச் செடியும் பதிமுகத் தண்ணியும்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வீட்டுப்பாடம். வேரோடு ஒரு செடி கொண்டு போக வேண்டும், அதன் பாகங்களையும் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்பதையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி தின்றுகொண்டே சொன்னாள். திங்கட்கிழமை கடைசி நாள். இந்த மாதிரி சமாச்சாரம் எதுவும் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வருவதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் எங்கள் வீடு. பின்னால் கொஞ்சம் விளை உண்டு. இறங்கிப் போய், கைக்கு அகப்பட்ட செடியைப் பிடுங்கிக் கொண்டு வந்தேன். அது பச்சைமிளகுச் செடி. எங்கள் ஊரில் மிளகாய்க்கு மிளகு என்று பெயர், மிளகுக்கு நல்லமிளகு என்று பெயர். எந்தப் பெயர் சொன்னாலும் அது அம்மாவின் செடி என்பது பிடுங்கிய பிறகுதான் தெரிந்தது.

"எலே, மழையில அழுகாம பொத்திப் பொத்தி வளத்த செடியில்லா! அந்தா குப்பமேனி மொழ ஒசரத்துக்கு நிக்கு, அது ஒன் கண்ணுல படலியா?"

சரி, பிடுங்கியாச்சு. படிப்பாவது நடக்கட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். வேர் மோட்டார், தண்டு பைப்பு, இலை அடுக்களை. வெயிலை அடுப்பாக வைத்து, வேர் அனுப்பும் தண்ணீரையும் காற்றில் இருக்கிற கரியமில வாயுவையும் கொண்டு இலை செடிக்குச் சாப்பாடு செய்யும். எனக்கே பெருமையாக இருந்தது.

"மோட்டாருக்குக் கரண்டு எங்கேருந்துப்பா வரும்?"

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயம். இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அது வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போகப் போக, கீழேயிருந்து தண்ணீர் இழுபட்டு மேலே ஏறும். அப்படிப் பார்த்தால் மோட்டார் மாடியில் இருக்கிறது, கரண்டு சூரியனிடமிருந்து வருகிறது. வேர் உறிஞ்சிக் கொடுக்கும், செடி சாயாமல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மோட்டாரைக் கழற்றி மாடியில் வைத்ததற்கு மகள் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை மட்டும் கடித்தாள்.

சொல்லிப் புரியாததைக் காட்டிப் புரியவைப்போம் என்று அடுத்த வேலையில் இறங்கினேன். காசித்தும்பைத் தண்டு கண்ணாடி மாதிரி இருக்கும். கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரில் நிறுத்தி வைத்தால் சிவப்புக் கோடு தண்டுக்குள் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எவர்சில்வர் டம்ளரில் சிவப்புத் தண்ணீர் கலக்கித் திண்ணையில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் காசித்தும்பை ஒடிக்கப் போனோம்.

திரும்பி வந்தால் டம்ளர் காலி. தேங்காய் வெட்ட வந்த அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். இந்தப் பக்கம் பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்த சிவப்புத் தண்ணீர் குடிக்கிற வீடுகள் உண்டு. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"மைனி, பதிமுகம் கொஞ்சம் கூடிப்போச்சு கேட்டியளா" என்று அடுக்களையைப் பார்த்துச் சொன்னார். என் மனைவி வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். நல்லவேளை, கேசரியில் போடுகிற பவுடர். அண்ணனுக்கு நாக்கு சிவந்ததோடு சரி. இரண்டாவது டம்ளருக்கு மகளைக் காவல் வைத்தேன். அரை மணி நேரத்தில் கோடு ஏறியது. அன்றைக்கு நான் ஜெயித்த ஒரே இடம் அது.

அப்புறம் வாழையிடம் மாட்டிக்கொண்டேன். "இதுக்குத் தண்டு எது?" என்றாள். மட்டி வாழையைத் தட்டிக் காட்டி, "இவ்வளவு பெரிசா நிக்குதே, இதுதான்" என்றேன்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "அது தண்டா? பட்டையாக்கும். குலை தள்ளாத வாழைய வெட்டிப் பாரு, உள்ள தண்டு இருக்கான்னு."

அம்மா சொன்னது அப்படியே சரி. நாம் மரம் என்று நினைப்பது ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்ட இலைக் காம்புகளின் அடிப்பாகம்தான். உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பூக்கிற காலம் வந்தால்தான் அது நடுவழியாக மேலே ஏறிக் குலை தள்ளும். நாம் துவரன் வைத்துத் தின்பது அப்படி ஏறி வந்த பூவின் காம்பு. இத்தனையும் அம்மாவுக்கு அரிவாள்மணையில் தெரிந்தது, எனக்குப் புத்தகத்தைத் திறந்த பிறகு தெரிந்தது.

மத்தியானம் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவியலும் மீன்குழம்பும். கூட்டுக்குச் சேனை. "மண்ணுக்குள்ள இருக்கிறதெல்லாம் வேர்" என்று காலையில் ஒரு வார்த்தை விட்டிருந்தேன். தட்டைப் பார்த்த மகள் "மரச்சீனி வேர், சேனை வேர், இஞ்சி வேர், உருளைக்கிழங்கு வேர்" என்று பாடிக்கொண்டே வந்தாள். மரச்சீனி மட்டும்தான் வேர், மற்ற மூன்றும் தண்டு என்றேன். எப்படித் தெரியும் என்றாள். நான் எச்சில் கையோடு முழித்தேன்.

"மரச்சீனிக்குக் கம்புதான் நடணும் மக்களே, கிழங்க நட்டா வராது. சேனையக் கண்ணு பாத்து வெட்டி நட்டா முளைக்கும். இஞ்சியும் அப்படித்தான்" என்றாள் அம்மா. கண் இருந்தால் தண்டு. இதைவிடச் சுருக்கமாகப் பாடம் நடத்த முடியாது. சீனிக்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. வேராக இருந்துகொண்டே முளைக்கும். அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை.

மீன்குழம்பைப் பார்த்து அடுத்த கேள்வி வருவதற்குள் மகளே அஞ்சறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கிராம்பு எந்தப் பாகம்? விதை என்று மனைவி சொன்னாள். காய் என்று நான் சொன்னேன். இரண்டும் தப்பு. கிராம்பு பூமொட்டு, விரியும் முன்னே பறித்துக் காயவைத்தது. நம் மாவட்டத்து மலையில் விளைகிற கிராம்புக்குப் புவிசார் குறியீடு வேறு கிடைத்திருக்கிறது. அது மொட்டு என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை அம்மாவும் பேசவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

திங்கட்கிழமை செடி பள்ளிக்கூடம் போய் வந்தது. வாடித் தொங்கிய தலையோடு சாயங்காலம் திரும்பியதை அம்மா வாங்கி, தண்ணீர் ஊற்றி, பழைய இடத்திலேயே நட்டாள். மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் அந்தக் குழியில் வேறு நாற்று இருந்தது. அதற்குச் சுற்றிலும் முள்.

நேற்று மகள் புதிய சேதியோடு வந்தாள். அடுத்த வாரம் விதை முளைப்பது பாடமாம், பலவகை விதை கொண்டு போக வேண்டுமாம். நான் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள், உறியில் தொங்கிய புடலை விதைப் பொட்டலத்தை அம்மா எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.