வேலையில் இருந்துகொண்டே எம்பிஏ: அனுபவம் கைகொடுத்த இடமும் காலை வாரிய இடமும்

பகுதிநேர எம்பிஏ படிக்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: “நேரம் எங்கே இருக்கிறது?” வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி, இதற்கு நடுவே வார இறுதி வகுப்பு என்றால் யாருக்கும் அதுதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் படித்து முடித்துவிட்டு யோசித்தால், நேரத்துக்கு எப்படியோ ஒரு வழி பிறந்துவிட்டது. என்னை அதிகம் படுத்தியதும் அதிகம் காப்பாற்றியதும் என் வேலை அனுபவம்தான். எந்தப் பாடத்தில் அது துணைக்கு வரும், எதில் குறுக்கே நிற்கும் என்று சேரும் முன் யாரும் சொல்லவில்லை.

என் வேலை உற்பத்தித் திட்டமிடல். எந்தப் பொருள், எவ்வளவு, எப்போது, கையிருப்பு என்ன என்பதிலேயே வருடங்கள் ஓடிவிட்டன. பதவி உயர உயர, கூட்டங்களில் பேச்சு வேறு பக்கம் போனது: முதலீட்டின் மீதான வருவாய், கடன் விகிதம், சந்தைப் பங்கு. பாதி புரிந்தது, மீதிக்குத் தலையாட்டினேன். திரும்பப் படிக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது.

முதலில் எந்த வகைப் படிப்பு என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. பகுதிநேர எம்பிஏவையும் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏவையும் பலர் ஒன்று என்று நினைக்கிறார்கள். எக்ஸிகியூட்டிவ் வகையைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1943இல் தொடங்கியது. அதில் பெரும்பாலும் மூத்த நிலையில் இருப்பவர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்து, ஒரே வரிசையில் பாடங்களை முடிப்பார்கள். பகுதிநேரப் படிப்பில் பொதுவாக ஒரு பருவத்துக்கு எத்தனை பாடம் என்பதை நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலத்தில் எங்கள் துறையில் மூச்சுவிட முடியாது. அந்தப் பருவத்தில் ஒரு பாடத்தோடு நிறுத்திக்கொள்ள முடியும் என்பதற்காகவே பகுதிநேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். வணிகப் படிப்புகளின் தரத்துக்கு உலக அளவில் தரப்படும் ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா ஆகிய மூன்று அங்கீகாரங்களில் ஏதாவது ஒன்றாவது இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஆம்பா அங்கீகாரம் பெற்ற எம்பிஏ என்றால் குறைந்தது 3 ஆண்டுகள் வேலை பார்த்தவர்களைத்தான் சேர்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உட்காரும் வகுப்பில் நடக்கும் பேச்சின் தரமே தனி.

நுழைவுத் தேர்வைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இப்போதைய ஜிமேட் 2 மணி 15 நிமிடம், மூன்று பகுதிகள், கட்டுரை கிடையாது, வடிவியலும் கிடையாது. மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். அனுபவசாலிகளுக்காகவே எக்ஸிகியூட்டிவ் அசெஸ்மென்ட் என்று ஒன்றரை மணி நேரத் தேர்வும் இருக்கிறது. அதில் 40 கேள்விகள்தான். எதை ஏற்பார்கள் என்று சேரப்போகும் வணிகப் பள்ளியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில பள்ளிகள் வேலை அனுபவத்தைப் பார்த்துத் தேர்வையே தள்ளுபடி செய்துவிடும். எனக்குப் பிடித்தது ‘டேட்டா சஃபிஷியன்சி’ வகைக் கேள்விகள். விடை என்ன என்று கேட்காமல், விடை கண்டுபிடிக்க இந்தத் தகவல் போதுமா என்று மட்டும் கேட்பார்கள். அலுவலகக் கூட்டங்கள் பலவற்றில் கேட்கப்படாத கேள்வி அது.

பரிந்துரைக் கடிதம் வாங்குவதற்காக மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவது நல்லது. கம்பெனி கட்டணத்தில் ஒரு பங்கைத் தரும், ஆனால் படிப்பு முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது ஒப்பந்தம். பாதியில் கம்பெனியே என்னை வெளியே அனுப்பினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு ஒரு வரி சேர்த்துக் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். தேர்வு வாரத்தில் வெளியூர்ப் பயணம் இல்லை, வகுப்பு நாளில் இத்தனை மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்பதையெல்லாம் மின்னஞ்சலில் போட்டு வைத்தேன். பார்த்தால் அற்பம்தான். படிப்பின் நடுவில் அந்த மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு என் படிப்பின் மேல் எந்த அக்கறையும் இல்லை. அன்றைக்கு அந்த மின்னஞ்சல்தான் பேசியது.

சரி, வகுப்புக்கு வருவோம்.

கணக்கியலை நினைத்துத்தான் பயந்தேன், கடைசியில் அதில்தான் அதிகம் கிடைத்தது. தேய்மானம், அதாவது இயந்திரம் போன்றவற்றின் மதிப்பு தேய்வதாகக் கணக்கில் எழுதும் தொகை, லாபத்தைக் குறைக்கும், ஆனால் அந்த மாதம் பணம் எதுவும் வெளியே போகாது. லாபம் காட்டும் கம்பெனி கையில் காசில்லாமல் மூழ்கவும் முடியும். இரண்டும் புத்தகத்தில் ஒற்றை வரிகள். எனக்கோ இரண்டுக்கும் முகம் இருந்தது, எங்கள் கூட்டங்களில் பார்த்த முகங்கள். பணச் சுழற்சிக் காலம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். சரக்கு கையிருப்பில் கிடக்கும் நாட்களோடு வாடிக்கையாளர் பணம் தர எடுக்கும் நாட்களைக் கூட்டி, நாம் சப்ளையருக்குக் கொடுக்க எடுக்கும் நாட்களைக் கழிக்க வேண்டும். 60 நாள் சரக்கு, 45 நாள் வரவு, 30 நாள் கொடுப்பு என்றால் 75 நாட்கள் நம் பணம் முடங்கிக் கிடக்கிறது. அந்த 60 என்பது என் மேசையில் முடிவாகும் எண். நிதித்துறை மாதாமாதம் ஏன் என் உயிரை எடுக்கிறது என்பது அந்த வகுப்பில் விளங்கியது. இருபத்திரண்டு வயதில் இதைப் படித்திருந்தால் சூத்திரமாக மனப்பாடம் செய்து, தேர்வோடு மறந்திருப்பேன்.

காலை வாரியது கேஸ் வகுப்புகளில். ஒரு கம்பெனியின் சிக்கலை இருபது பக்கத்தில் கொடுத்து, “நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்கும் இந்த முறையை ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் 1920களிலேயே நிலைநிறுத்திவிட்டது. எங்களைப் போன்றவர்கள் கேஸை முழுக்கப் படிக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுவோம். “எங்கள் இடத்தில் இப்படித்தான் ஆச்சு” என்று தொடங்கினால், பேராசிரியர் “இந்தக் கேஸில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்பார். ஆலைக் கேஸ் என்றால் நான், கடன் என்றால் வங்கிக்காரர், ஆள்சேர்ப்பு என்றால் மனிதவள மேலாளர் என்று ஆளுக்கொரு நாள் மாட்டுவோம். வேலை அனுபவமே அதிகம் இல்லாத ஒரு இளைஞர்தான் பல நாட்கள் இணைப்பு அட்டவணைகளை முழுதாகப் படித்துவிட்டு வந்து எங்கள் வாயை அடைப்பார். தெரிந்த துறைக் கேஸ் என்றால் இரண்டு தடவை படிப்பது, தெரியாததை ஒரு தடவை படிப்பது என்று பிறகு வழக்கமாக்கிக்கொண்டேன். இடம் மாறிப் போச்சே என்று தோன்றும், ஆனால் அதுதான் வேலை செய்தது.

புள்ளியியலில் அனுபவத்தால் ஒரு லாபமும் இல்லை. பிழைத்ததற்குக் காரணம் விடியற்காலைக் கணக்குகள் மட்டுமே. தினம் கொஞ்சமாக, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போட்டுப் பார்ப்பது. ஒரே மூச்சில் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து படித்தது புதன்கிழமை தலையில் தங்குவதில்லை.

குழு வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் நேரம் குறைவு, அதனால் நிதிப் பகுதியை வங்கிக்காரரிடமும், செயல்பாட்டுப் பகுதியை என்னிடமும், ஸ்லைடுகளை மார்க்கெட்டிங் பெண்ணிடமும் தள்ளிவிடத்தான் கை போகும். மதிப்பெண் வரும், ஆனால் ஏற்கெனவே தெரிந்ததைக் காசு கட்டி இன்னொரு முறை செய்த கணக்காகிவிடும். எங்கள் குழுவில் அந்த மார்க்கெட்டிங் பெண்தான் முதலில் போர்க்கொடி தூக்கினார்: அவரவர் துறையை அவரவர் தொடக்கூடாது, சரிபார்க்க மட்டும் செய்யலாம் என்றார். மெதுவாகத்தான் போனது, சண்டையும் வந்தது. விலை நிர்ணயத்தைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்தச் சண்டைகளில் கற்றதுதான்.

வீட்டில் விட்டுக்கொடுத்தவர்களின் கணக்கு வேறு. அதைப் பொதுவில் எழுத அவர்களிடம் அனுமதி கேட்கவில்லை. சேரும் முன்பே, எந்தெந்த நிகழ்ச்சிக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டது சண்டையைக் குறைத்தது என்று மட்டும் சொல்கிறேன்.

சேர நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வேன். உங்கள் அலுவலகத்தில் வேலை தணிந்திருக்கும் பருவத்தில் தொடங்குங்கள், ஏனென்றால் முதல் பருவத்தில் படிக்கும் பழக்கத்தையே மறுபடி உண்டாக்க வேண்டியிருக்கும். அப்புறம், பழைய மாணவர்களிடம் “பிடித்திருந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். விட்டுவிடலாம் என்று நினைத்த மாதம் எது, ஏன் என்று கேளுங்கள்.

சம்பளம் உடனே ஏறியதா என்றால், இல்லை. இறுதித் திட்டத்துக்கு எங்கள் கையிருப்பையே எடுத்துக்கொண்டேன். ரகசியத் தரவுக்கு அனுமதி வாங்க நிதித்துறைத் தலைவரிடம் போக வேண்டியிருந்தது. உட்காரச் சொல்லி, நான் போட்டிருந்த அட்டவணையை வரிவரியாகப் பார்த்தார். அடுத்த ஆண்டுக்கான முதலீட்டுத் திட்டக் கூட்டத்துக்கு இப்போது என்னையும் அழைக்கிறார்கள்.