இடது கை பன்னிரண்டரை

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் 19 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். சாதாரண நாளில் ஐந்தாறு, ஆடிப் பதினெட்டும் தீபாவளியும் வந்தால் கணக்கே கிடையாது. பெரும்பாலானவர்கள் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உடம்பு ஏறியவர்கள், இளைத்தவர்கள், பிள்ளை பெற்று வந்தவர்கள், இவர்களுக்குத்தான் இஞ்சு டேப்பை எடுப்பேன். எடுத்த அளவை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பேன். பெயர், மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கை சுற்றளவு, முன் கழுத்து, பின் கழுத்து. இப்போது ஓடுவது பதினோராவது நோட்டு.

ஒன்பதாவது நோட்டில் இருக்கும் ஒரு பக்கத்தைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்தேன். அந்தப் பெண்ணைச் செல்வி என்று வைத்துக்கொள்கிறேன், அது அவள் பெயர் இல்லை. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

2022 சித்திரை. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். செல்வி ஒரு பருத்தி ஜாக்கெட் துணியோடு வந்தாள். சாமந்தித் தோட்டங்களில் பூப்பறிக்கப் போகிறவள். புருஷனுக்குப் பெங்களூருவில் சென்ட்ரிங் வேலை. சனிக்கிழமை ராத்திரி வருவான், திங்கள் விடியற்காலை பஸ் ஏறிவிடுவான். அவள் என் கடைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை.

"கை முழங்கை வரைக்கும் வெச்சிருங்கக்கா. பின் கழுத்தை இறக்க வேணாம், நல்லா மூடினாப்பல இருக்கட்டும்."

இந்த வெயிலில் எதற்கு என்று மனதில் பட்டது. வாய் திறக்கவில்லை. டேப்பை எடுத்தேன். வலது கை சுற்றளவு 11. நாங்கள் ஒரு கையைத்தான் அளப்போம், இன்னொரு கைக்கும் அதுவேதான். ஆனால் அன்று அவள் போட்டிருந்த ஜாக்கெட்டின் இடது கை தையல் பிரிகிற அளவுக்கு இழுத்துப் பிடித்திருந்தது. அங்கேயும் டேப்பைச் சுற்றினேன். சட்டென்று பல்லைக் கடித்தாள். கையின் விளிம்புக்குக் கீழே நாலு நீலக் கோடு, அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று தனியாக, வட்டமாக.

"கதவு இடிச்சிருச்சுக்கா."

கதவுக்கு ஏது ஐந்து விரல். ஆனாலும் நான், "பாத்துப் போகக் கூடாதா கண்ணு" என்றுதான் சொன்னேன். நோட்டில் எழுதினேன்: வலது 11, இடது 12½. ஒரே ஆளுக்கு இரண்டு கை அளவு. அந்த ஜாக்கெட்டின் இடது கையைத் தனியாக வெட்டி, லூசாக வைத்துத் தைத்தேன். வீக்கம் வடிந்ததும் பிடித்துக்கொள்ளட்டும் என்று உள்ளே துணி விட்டு, எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று சாக்கால் கோடும் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஏன் வீங்கியது என்பதை மட்டும் கேட்கவில்லை.

அடுத்த இரண்டரை வருடத்தில் அவளுக்கு ஐந்து ஜாக்கெட் தைத்தேன். ஐந்துக்கும் முழங்கை வரை கை.

ஏன் கேட்கவில்லை என்று யோசித்தால், நான் வளர்ந்த வீடுதான் கண் முன்னால் வருகிறது. என் அம்மாவுக்கு வலது காது கேட்காது. சீழ் வந்து போய்விட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். அது எந்த ராத்திரி போனது என்று எனக்கும் என் தம்பிக்கும் தெரியும். சோறு தின்னும்போதும், தூங்கப் போகும்போதும் நாங்கள் அம்மாவின் இடது பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவாகவே பழகிவிட்டது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பாட்டி சொல்வாள். வீட்டுக்கு வீடு வாசப்படி என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். அந்தப் பேச்சையெல்லாம் கேட்டு வளர்ந்தவளுக்கு, இன்னொரு வீட்டு விஷயத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை என்று தோன்றிவிட்டது. அது மரியாதை இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆனது.

2024 ஆவணியில் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்குச் சமூக நலத்துறையிலிருந்து ஒரு அம்மா வந்து பேசினார். லோன் பற்றிப் பேசுவார் என்று போனோம். குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றிப் பேசினார். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26-ல். நான் கடை போட்டதும் அந்த வருடம்தான். அதாவது, நான் முதல் ஜாக்கெட் தைத்த காலத்திலிருந்தே அந்தச் சட்டம் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அவர் சொன்னதில் ஒன்று என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. புகார் கொடுக்க வேண்டியது அடிபட்டவள் மட்டும் இல்லையாம். ஒரு வீட்டில் வன்முறை நடக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று நம்புவதற்குக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும், இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்ல எண்ணத்தில் சொன்னவர் மேல் சிவில் வழக்கும் போட முடியாது, கிரிமினல் வழக்கும் போட முடியாது. சட்டத்தின் 4-ஆவது பிரிவு. பக்கத்து வீட்டுக்காரி சொல்லலாம், டீச்சர் சொல்லலாம், பால் ஊற்ற வருகிறவர் சொல்லலாம். தையல்காரியும் சொல்லலாம்.

அன்று ராத்திரி ஒன்பதாவது நோட்டைத் தேடி எடுத்தேன்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை செல்வி புடவைக்கு ஓரம் அடிக்க வந்தாள். ஷட்டரைப் பாதி இறக்கினேன். "கண்ணு, அன்னிக்கு உன் கை ஏன் வீங்கியிருந்துச்சு?" என்று கேட்டேன். இரண்டரை வருடத்துக்கு முந்தின கையை இன்றைக்குக் கேட்கிறேனே என்று எனக்கே கூசியது. அவள் பதில் சொல்லவில்லை. மேசையில் சிதறிக் கிடந்த கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வளைவு எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி வரிசையாக அடுக்கினாள். இருபது கொக்கி இருக்கும். அப்புறம் கேட்டாள்.

"அளவு எடுக்கும்போதே உங்களுக்குத் தெரியும்தானேக்கா?"

"தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்ல.

அன்று சாயங்காலம் வரை பேசினாள். அடி ஒரு பக்கம். பூப்பறித்த கூலியைச் சனிக்கிழமை எண்ணி வாங்கிக்கொள்வான். ஆதாரும் ரேஷன் கார்டும் அவன் பெட்டியில். தோடு அடகுக்கடையில். ஒரு மார்கழி ராத்திரி, நம்ம பக்கத்துப் பனி எப்படி என்று தெரியும், அந்தப் பனியில் கதவைச் சாத்தி விடியும்வரை வெளியே நிற்க வைத்திருக்கிறான். பிள்ளை உள்ளே அழுதுகொண்டிருந்ததாம். "இதெல்லாம் கேசுல வராதுக்கா, அடிச்சாத்தான் கேசு" என்றாள். வரும். அடிப்பது மட்டும் இல்லை, கூலியைப் பிடுங்குவது, நகையை எடுத்துக்கொள்வது, கேவலமாகப் பேசுவது, விருப்பம் இல்லாமல் தொடுவது எல்லாமே அந்தச் சட்டத்தில் வன்முறைதான். இதைப் பெரும்பாலான பெண்கள் அறியவே இல்லை. இதைத்தான் நான் ஒவ்வொருத்தரிடமும் முதலில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒருதரம் அவள் ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. "சின்ன விஷயம், அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி, அவனைக் கூப்பிட்டு இனிமேல் அடிக்கமாட்டேன் என்று எழுதி வாங்கி, இரண்டு பேரையும் ஒரே வண்டியில் அனுப்பி வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனுக்குப் போனதற்கே அன்று ராத்திரி தனியாக அடி. ஒருத்தி எவ்வளவு தைரியத்தைத் திரட்டிக்கொண்டு அந்தப் படி ஏறுகிறாள் என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியுமா? இப்போது எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

"போலீசு வேணாம். அவரை உள்ள தள்ளிட்டாச் சம்பாதிக்கறது யாரு" என்பதுதான் அவளுடைய பெரிய பயம். அதற்கும் அந்த அம்மா கூட்டத்தில் பதில் சொல்லியிருந்தார். கொடுமைப்படுத்திய புருஷனுக்கு மூன்று வருடம் வரை சிறை என்பது வேறு சட்டம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்பார்கள், 2024 ஜூலையிலிருந்து அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆவது பிரிவு. குடும்ப வன்முறைச் சட்டம் அந்த வழி இல்லை. அடிக்கக் கூடாது என்று உத்தரவு கேட்கலாம், அதே வீட்டில் இருக்க உத்தரவு கேட்கலாம், செலவுக்குப் பணம், பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள உரிமை, பட்ட வேதனைக்கு இழப்பீடு கேட்கலாம். அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"வீடு மாமியார் பேர்ல இருக்கு, என்னை எப்படி விடுவாங்க?" என்று கேட்டாள். யார் பெயரில் இருந்தாலும் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் அவளுக்கு இருக்க உரிமை உண்டு. புருஷனின் உறவினர் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

என் போனிலிருந்துதான் பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிட்டோம். அவள் போனை அவன் வாரா வாரம் வாங்கிப் பார்ப்பான். 181 இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு இல்லை. அடுத்த வாரம் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் தருமபுரிக்குப் பஸ் ஏறி மாவட்ட சமூக நல அலுவலகம் போனோம். பாதுகாப்பு அலுவலர் அவள் சொல்லச் சொல்ல ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டார். குடும்ப நிகழ்வு அறிக்கை என்கிறார்கள். மாஜிஸ்திரேட்டுக்குப் போவது அதுதான். இலவச சட்ட உதவி பெற, பெண்ணாக இருந்தாலே போதும், வருமானக் கணக்கு பார்ப்பதில்லை. 15100-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 112.

ஒரு விஷயத்தில் செல்விக்கு நஷ்டம் ஆகிவிட்டது. மூன்று தரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். மூன்று சீட்டிலும் வழுக்கி விழுந்தாள், மாடு முட்டியது, கதவு இடித்தது என்றுதான் இருக்கிறது, அவள் வாயால் சொன்னதுதானே. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். என்ன சொல்கிறீர்களோ அதுதான் பதிவாகும், பிற்பாடு கோர்ட்டில் பேசுவதும் அதுதான். சீட்டைத் தாய் வீட்டிலோ, நம்பிக்கையானவர்களிடமோ கொடுத்து வையுங்கள். இரண்டு பெண்களுடைய சீட்டுகள் இப்போது என் கடைப் பெட்டியில், லைனிங் துணிக்கு அடியில் இருக்கின்றன.

சட்டத்தில் முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள், மனுவை முடிக்க 60 நாள் என்று இருக்கிறது. செல்விக்கு ஏழு மாதம் ஆனது. வாய்தா வாய்தாவாக அலைந்தாள், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு. இப்போது உத்தரவு இருக்கிறது. அதே வீட்டில்தான் இருக்கிறாள். அவன் சனிக்கிழமைகளில் வருவது குறைந்துவிட்டது. பணம் ஒரு மாதம் வந்தால் ஒரு மாதம் வராது. மாமியார் பேசுவதில்லை. ஆதாரும் கார்டும் அவள் கையில். அடி இல்லை.

"நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்குக் கோர்ட்டு கச்சேரியெல்லாம் ஆகுமா" என்று கடையில் ஒருவர் சொன்னார். வாச்சாத்தி நம்ம மாவட்டம்தானே என்று கேட்டேன். 1992 ஜூனில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்து பெண்களுக்குச் செய்த கொடுமைக்கு 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் அதுவரை உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. படிக்காத மலைவாழ் பெண்கள் 19 வருடம் திரும்பத் திரும்பச் சாட்சி சொல்லி வாங்கியது அது. அவர் பிறகு எதுவும் பேசவில்லை.

குடிதான் காரணம் என்று சொல்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். குடித்துவிட்டு மேஸ்திரி மேல் கை ஓங்கியிருக்கிறானா? கிடையாது. யாரை அடித்தால் கேட்க ஆள் இல்லை என்று போதையிலும் தெரிகிறது.

2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் புருஷனிடம் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள் என்று வந்தது. நாடு முழுக்க 29. வன்முறைக்கு ஆளானவர்களில் நாலில் மூன்று பேருக்கும் மேல் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் நோட்டில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பெயர். பக்கத்துக்கு மூன்று நாலு பேரை நான் கேட்காமலே அனுப்பியிருக்கிறேன்.

இப்போது கேட்கிறேன். தனியாக இருக்கும்போது மட்டும், கூட வந்தவர்கள் முன்னால் இல்லை. அவள் இல்லை என்றால் விட்டுவிடுகிறேன், துருவுவதில்லை. அவளைக் கேட்காமல் எங்கேயும் போன் போடுவதும் இல்லை. ராத்திரி அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறவள் அவள்தான், எப்போது என்று அவளுக்குத்தான் தெரியும். உயிர் போகிற நிலைமை, குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்கமாட்டேன். போட்டுப் பார்க்கிற இடத்தில், திரைக்கு உள்பக்கம், கண்ணாடிக்குக் கீழே 181 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வேறு எதுவும் எழுதவில்லை. யாராவது என்ன நம்பர் என்று கேட்டால் சொல்கிறேன்.

போன வாரம் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் வந்தாள். முழங்கைக்கும் கீழே கை வேண்டும் என்றாள். கூட யாரும் இல்லை. எதற்கு பாப்பா இவ்வளவு நீளம், கையில் ஏதாவது அடியா என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "இல்லக்கா, இப்ப இதான் மாடல்" என்று போனில் படம் எடுத்துக் காட்டினாள். சரி என்று டேப்பை எடுத்தேன். வலது கையை அளந்தேன், இடது கையையும் அளந்தேன். இரண்டும் ஒன்பதரை.