வாசலில் சொன்னதை வாசலில் சொல்லுங்கள்

2025 அக்டோபர் 4, சனி

இன்று மாலை மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் என்னைத் திருடி என்று பிடித்து நிறுத்தினார்கள். கை இன்னும் நடுங்குகிறது. ஆனாலும் மறப்பதற்குள் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தீபாவளி நெருங்கிவிட்டது. தைக்க வேண்டிய ரவிக்கைகள் வீட்டில் குவிந்து கிடக்கின்றன. வாடிக்கையாளர் ஒருவரின் அரக்கு நிறப் புடவைக்கு லைனிங் துணியும் ஃபால்ஸும் வாங்கப் போனேன். அரக்கு பொல்லாத நிறம். கடை விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் அண்ணன் தம்பிகூட இல்லை என்று ஆகிவிடும். அதனால் புடவையையே கையோடு கொண்டுபோவது என் வழக்கம்.

நுழையும்போதே வாசலில் இருக்கும் இரட்டைத் தூண் அலாரம் கத்தியது. அங்கிருந்த காவலர் பைக்குள் எட்டிப் பார்த்தார். “மேட்சிங் பார்க்கப் புடவை கொண்டுவந்திருக்கிறேன்” என்றேன். “சரிம்மா, உள்ளே போங்கள்” என்றார். லைனிங் பிரிவில் இருந்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, துணித்துண்டையும் புடவையையும் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னொரு துண்டுக்கும் அப்படியே. பில் போட்டேன், பணம் கட்டினேன், டெலிவரியில் பையை வாங்கினேன்.

வெளியே வரும்போது மறுபடியும் அலாரம். அதற்குள் காவலர் மாறியிருந்தார்.

“ஏம்மா, நில். பையைக் காட்டு.”

காட்டினேன். லைனிங்குக்குப் பில் இருக்கிறது. புடவைக்கு எங்கே பில்? அது என் புடவை இல்லை, தைக்கக் கொடுத்தது என்றேன். “எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். வாசலுக்கும் உள்ளுக்குமாக நீ நடந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்” என்று சத்தமாகச் சொன்னார். கூட்டம் நின்று பார்த்தது. ஒரு அம்மா தன் பிள்ளையை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார்.

படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. பெண் காவலர் ஒருவர் வந்து என் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்க்கச் சொன்னார், உடம்பைத் தடவிப் பார்த்தார். ஒரு தாளை நீட்டி, “எடுத்தது உண்மை, இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ. போலீசுக்குச் சொல்லமாட்டோம்” என்றார்கள். போலீசைக் கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிடவில்லை. முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் புடவைக்காரரை போனில் பிடித்தேன். வேறு கடையில் அதை வாங்கிய பில்லை அவர் வாட்ஸப்பில் அனுப்பினார். 4,200 ரூபாய், செப்டம்பர் மாதத் தேதி.

அதைப் பார்த்துவிட்டு, “சரி, போங்கள்” என்றார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

அப்பா புது மண்டபத்தில் தூணோரம் மெஷின் போட்டு உட்கார்ந்தவர். திருமலை நாயக்கர் காலத்துத் தூண். மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டம் நடந்துகொண்டே இருக்கும், அவர் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். முகம் தெரியாதவர்கள் கல்யாணத் துணியை அவரிடம் கொடுத்துவிட்டுச் சாமி கும்பிடப் போவார்கள். துணியின் ஓரத்தில் ஒரு நறுக்கு வெட்டி, சீட்டில் குத்திக் கொடுப்பார். அந்த நறுக்குதான் ரசீது, அதுதான் சாட்சி. மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியதைப் பார்க்க அவர் இல்லை. நேற்று நடந்ததைக் கேட்கவும் அவர் இல்லாதது நல்லதுதான்.

தையல்காரி கையில் இருப்பதெல்லாம் அடுத்தவர் துணிதான். அதற்கு அவளிடம் எப்படிப் பில் இருக்கும்? கொத்தனார் கையிலிருக்கும் செங்கல்லுக்கு யாரும் பில் கேட்பதில்லை.

காலையிலிருந்து மெஷினில் உட்கார்ந்தேன். இரண்டு ரவிக்கைகளுக்குக் கை வெட்டினேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 7, செவ்வாய்

அலாரம் ஏன் கத்தியது என்று தெரிந்துவிட்டது. புடவை மடிப்பின் உள்பக்கம், விலைச்சீட்டுக்குப் பின்னால், தீப்பெட்டி லேபிள் அளவுக்கு வெள்ளை ஒட்டு ஒன்று இருந்தது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் தம்பி மகன் அதைப் பிரித்துக் காட்டினான். உள்ளே சுருள் சுருளாக அலுமினியத் தகடு. வாசல் தூண் அனுப்பும் ரேடியோ அலைக்கு அது எதிரொலி கொடுக்கும். பில் போடும் இடத்தில் ஒரு பலகைமேல் வைத்து அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். புடவையை விற்ற கடையில் அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். பல கடைகள் ஒரே அலைவரிசையில் இயங்கும் கருவிகளையே வைத்திருப்பதால், ஒரு கடையின் ஒட்டு இன்னொரு கடை வாசலிலும் கத்துமாம்.

அப்படியென்றால் நான் நுழையும்போது கத்தியதும் இதே ஒட்டுதான். கத்தும் பொருளோடுதான் உள்ளே போனேன் என்பதற்கு அவர்கள் கருவியே சாட்சி. முதல் காவலர் இரண்டாம் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாசலில் கேமராவும் இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு முந்தைய பதிவை ஓட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வெளுத்த பருத்திப் புடவை, கையில் மஞ்சள் பை, கழுத்தில் தொங்கும் அளவு நாடா, இவை போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

என்னிடம் தைக்கும் வக்கீல் அம்மாவிடம் சொன்னேன். கறுப்புக் கோட்டின் அளவைக்கூட மறந்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். கடைக் காவலர் போலீஸ் இல்லை. உங்களையும் என்னையும்போல அவரும் தனியாள்தான். தனியாள் ஒருவரைப் பிடிப்பதற்கு, கைது முறைகளைச் சொல்லும் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் குற்றம் அவர் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். அதுவும் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதமில்லாமல், ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அறையில் உட்காரவைத்து எழுதி வாங்குவதற்கு எந்தப் பிரிவும் இல்லை. காரணமில்லாமல் ஒருவரைப் போகவிடாமல் தடுத்தால், குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவு, அடைத்துவைத்தால் 127ஆம் பிரிவு.

இன்னொன்றும் சொன்னார். 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை ஒருவர் திருடியது கோர்ட்டிலேயே நிரூபணம் ஆனாலும், அது முதல் தடவையாக இருந்து பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், இப்போது சமூக சேவைதான் தண்டனை. நிஜத் திருடனுக்குச் சட்டம் அவ்வளவு இடம் கொடுக்கிறது. எடுக்காத எனக்கு இடுப்புப் பையை அவிழ்த்துக் காட்டச் சொல்லும் தண்டனை.

“கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்து, அதன்மேல் புதியது பதிவாகிவிடும். முதலில் அதைக் காப்பாற்றுங்கள்” என்றார். அன்றைய பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி, தேதியும் நேரமும் வாசலும் குறிப்பிட்டு, ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

வேலை நெருக்கடி. அந்த அரக்கு ரவிக்கை முடிந்தது. புடவைக்காரர் வாங்க வந்தபோது கண் கலங்கினார். “என் புடவையால்தானே அக்கா” என்றார். இல்லை என்று சொல்லிச் சொல்லி அனுப்பினேன். எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்கிறாராம்.

அக்டோபர் 25, சனி

கடை மேலாளர் போன் செய்தார். பதிவைப் பார்த்துவிட்டார்களாம். நுழையும்போது நான் காவலரிடம் புடவையைக் காட்டியது தெளிவாக இருக்கிறதாம். “தவறு நடந்துவிட்டது. வாருங்கள், மேலே ஆபீசில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம்” என்றார்.

கூப்பன் வேண்டாம் என்றேன். வாசலுக்கு வருகிறேன், சனிக்கிழமை மாலை, அதே கூட்ட நேரத்தில். “இந்த அம்மா எதையும் எடுக்கவில்லை, நாங்கள்தான் தவறு செய்தோம்” என்று, அன்று என்னை நிறுத்திய அதே சத்தத்தில் சொல்லுங்கள். பழி போட்டது நூறு பேர் காதில். மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டா? அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருக்காரர் இருந்தாரா, நாளை துணி கொடுக்க வேண்டியவர் இருந்தாரா, எனக்கு எப்படித் தெரியும்? நம்பித் துணி கொடுப்பவர்களை வைத்துத்தான் எனக்குச் சோறு.

“அது கடைக்குச் சரிப்படாது அம்மா” என்றார். போனை வைத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

வக்கீல் அம்மாவோடு போலீஸ் நிலையம் போனேன். “பொருள் ஏதாவது காணாமல் போனதா?” என்று கேட்டார்கள். இல்லை, என்னை அடைத்துவைத்தார்கள் என்றேன். மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் மனுவை வாங்கிக்கொண்டு, வாங்கியதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

லைனிங் பிரிவுப் பெண், பில்லில் இருந்த என் எண்ணைப் பார்த்து நேற்று இரவு பேசினாள். வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லித் துணித்துண்டைக் கொடுத்தது தான்தான் என்று அன்றே சொல்ல வந்தாளாம். மேற்பார்வையாளர் விடவில்லையாம். சொன்னால் வேலை போய்விடும் என்றாள். கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அவள் பிரிவில் நான் இருக்கை எதையும் பார்க்கவில்லை. என்னை நிறுத்திய காவலரும் நாள் முழுக்க நிற்பவர்தான். மனுவில் அவர் பெயருக்கு முன்னால் கடையின் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.

அவள் பெயர் மனுவில் இல்லை. கேமராப் பதிவும் புடவையின் பில்லும் போதும் என்கிறார் வக்கீல் அம்மா. பதிவைக் கேட்டுக் கடைக்கு நிலையத்திலிருந்து ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள், போகிறேன்.