மைலேஜுக்காகப் புது கார் எடுத்தால் காசு மிச்சமாகுமா?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரை விற்றுவிட்டு, பெட்ரோல் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காகப் புது கார் எடுக்கலாமா என்று யார் கேட்டாலும், மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஆயிரம் கிலோமீட்டர், அதற்கும் கீழே என்றால் வேண்டாம், பழைய வண்டியையே வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 2021 ஜூலையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிய நாளிலிருந்தே இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டியை 18 சதவீதமாகக் குறைத்த பிறகு, இப்போது எடுக்காவிட்டால் எப்போது எடுப்பது என்று வீட்டுக்கு வீடு பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் திருச்சியில் இருக்கிறார். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஊருக்குள் லிட்டருக்கு 14 கொடுக்கிறது. "மாசம் ஏழாயிரம் பெட்ரோலுக்கே போகுது மச்சான், புது வண்டின்னா 20 கொடுக்கும்ங்கிறாங்க, மிச்சம்தானே?" என்று கேட்டார். சரி மாப்பிள்ளை, போட்டுப் பார்த்துவிடுவோம் என்று ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அவருக்கு வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுகிறது. 14 மைலேஜில் 857 லிட்டர், 20 மைலேஜில் 600 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு மிச்சம் 25,700 ரூபாய், மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். இதுவரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. புது வண்டி வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 9 லட்சம், பழையதுக்கு டீலர் தருவது இரண்டரை லட்சம், ஆக மீதி ஆறரை லட்சம் லோன். 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 13,500. ஷோரூமில் இந்த இஎம்ஐயை மட்டும்தான் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது அதில் முதல் வருடம் வட்டிக்கு மட்டும் எவ்வளவு போகிறது என்பதை. கிட்டத்தட்ட 54,000 ரூபாய். பெட்ரோலில் மிச்சம் பிடிப்பது 25,700, அதைப்போல் இரண்டு மடங்கு வட்டிக்கே போய்விடுகிறது, அசலை இன்னும் தொடவே இல்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான்.

நான் லோன் போடவில்லை, கையில் ரொக்கம் இருக்கிறது என்பவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே ஆறரை லட்சத்தை 6.5 சதவீத எஃப்டியில் போட்டால் வருடத்துக்கு 42,000 ரூபாய் வரும். வருமான வரி போனாலும் பெரும்பாலானவர்களுக்கு அது பெட்ரோல் மிச்சத்தைவிட அதிகமாகவே இருக்கும், ஆறரை லட்சமும் அப்படியே கையில் நிற்கும்.

காரில் போட்ட பணமோ அப்படி நிற்காது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணையைப் பாருங்கள்: ஒரு வருடம் தாண்டினாலே 20 சதவீதம் கழிப்பார்கள், நான்கு வருடம் தாண்டினால் பாதி. ஏற்கெனவே விலை இறங்கி முடிந்த பழைய கார் வருடத்துக்கு இன்னும் பத்து இருபதாயிரம் இறங்கும், அவ்வளவுதான். இது போக, நம் மாநிலத்தில் 2023 நவம்பரில் சாலை வரியை ஏற்றினார்களே, 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை உள்ள கார்களுக்கு அது 13 சதவீதம். மாப்பிள்ளை பார்த்த வண்டியின் ஷோரூம் விலை ஏழரை லட்சம் என்று வைத்தால், சுமார் ஒரு லட்சம் வரியாகவே போகிறது. மாப்பிள்ளைக்கு நான்கு வருட பெட்ரோல் மிச்சம் அந்த ஒரு லட்சத்தை ஈடுகட்டவே சரியாக இருக்கும்.

பழைய வண்டி ரிப்பேர் செலவு வைக்குமே என்றார். வைக்கும்தான். கிளட்ச், சஸ்பென்ஷன், டயர் என்று வருடத்துக்கு 30,000 வைத்தாலும் மேலே சொன்ன வட்டியை எட்டாது.

மைலேஜ் என்ற எண்ணே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும், அதைத் தெரிந்துகொள்வது நல்லது. 10 கொடுத்த வண்டியை 15 ஆக்கினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 33 லிட்டர் மிச்சம். 20 கொடுத்த வண்டியை 25 ஆக்கினால் வெறும் 10 லிட்டர்தான். இரண்டிலும் ஏறியது அதே ஐந்து. ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுகிறார்கள், அதில் இந்தக் குழப்பமே வராது. நம் ஊரில் 21-க்கும் 28-க்கும் உள்ள தூரத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறோம். மாருதியின் கிராண்ட் விட்டாராவை எடுத்துக்கொள்ளுங்கள், வண்டிகளைச் சோதித்து மைலேஜ் சான்று தரும் ஏஆர்ஏஐ அமைப்பின் கணக்கில் சாதாரண பெட்ரோல் மேனுவலுக்கு 21.11, எஞ்சினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கு 27.97. வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வித்தியாசம் 140 லிட்டர்கூட இல்லை, 14,000 ரூபாய்க்குள்தான். விலை வித்தியாசமோ லட்சங்களில்.

அந்த ஏஆர்ஏஐ எண்ணும் லேபில் ரோலர் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாலை ஆறு மணிக்கு ஏசி போட்டுக்கொண்டு நிற்பதெல்லாம் அதில் வராது. அதனால் உங்கள் பழைய வண்டி ரோட்டில் கொடுப்பதையும் புது வண்டி பேப்பரில் கொடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். அதே மாடலை உங்கள் ஊரில் ஓட்டுகிற ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள். உங்கள் வண்டிக்கு டேங்க் டு டேங்க் பாருங்கள்: ஃபுல் டேங்க் போட்டு ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதே பங்கில் மறுபடி ஃபுல் போட்டு, ஓடிய கிலோமீட்டரை அப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் மைலேஜ் குறைகிறதே என்பவர்களுக்கும் இதுதான் பதில். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே குறையத்தான் செய்யும். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சில பழைய வகைக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் என்று சொல்லியிருந்தது. ஆனால் இன்றைக்கு டேங்க் டு டேங்க் பார்த்து வந்த எண்ணில் அந்த இழப்பும் அடங்கிவிட்டது, மறுபடி தனியாகக் கழிக்க வேண்டாம்.

லோன் யோசனையை ஓரமாக வைத்துவிட்டு மாப்பிள்ளையின் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். நியூட்ரலில் போட்டு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். வலது பக்கம் தாராளமாகச் சுற்றியது. இடது பக்கம் கரகரவென்று அரைச் சுற்று போய் நின்றுவிட்டது. "பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுதுண்ணே" என்றார். சக்கரத்தைக் கழற்றினால் பிரேக்கை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் இரண்டும் கிரீஸ் காய்ந்து துருப்பிடித்து நகராமல் இருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது கிரீஸ் வைத்து மாட்டினார். ஏர் ஃபில்டர் மாற்றி, 24-ல் இருந்த டயர் காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்கு ஏற்றி, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. இப்போது பதினைந்தரை கொடுக்கிறது. வருடத்துக்கு 80 லிட்டருக்கு மேல் மிச்சம், அதாவது எட்டாயிரம் ரூபாய்.

புது கார் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் விற்கும் எல்லா கார்களுக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான், அதற்கு முந்தைய சின்ன கார்கள் பலவற்றில் அதுவும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர் அதற்காக மாற்றினால் அது முழுக்க நியாயமான செலவு, நானே மாற்றச் சொல்வேன். அதைச் செலவு என்றே எழுதிக்கொள்ளுங்கள், பெட்ரோல் மிச்சத்தில் சேர்க்காதீர்கள்.

உண்மையிலேயே மைலேஜுக்காக வண்டி மாற்ற வேண்டியவர்கள் வேறு. சாப்பாடு டெலிவரி செய்யும் ஒருவர் மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார், 35 கொடுக்கும் பழைய ஸ்கூட்டர் என்று வையுங்கள். பெட்ரோலுக்கு மாதம் 8,570 ரூபாய். 60 கொடுக்கும் 100 சிசி பைக்கில் 5,000 ரூபாய். மாதம் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் நிற்கிறது. 75,000 ரூபாய் லோனுக்கு 12 சதவீதத்தில் மூன்று வருட இஎம்ஐ 2,500 ரூபாய்தான், அதைக் கட்டிய பிறகும் ஆயிரம் ரூபாய் கையில் இருக்கும். அதே ஸ்கூட்டரில் மாதம் 500 கிலோமீட்டர் ஆபீஸ் போய்வருபவருக்கு மிச்சம் 600 ரூபாய்தான், அவர் மாற்ற வேண்டியதில்லை. டெலிவரிக்காரரோ தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம், சீக்கிரம் மாற்றிவிட வேண்டும். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் எஞ்சின் சத்தம் கேட்டு, பேப்பர் எல்லாம் சரிபார்த்து, இரண்டு மூன்று வருடம் ஓடிய பைக்கையே வாங்கினால் லோன் பாதியாகிவிடும்.