தைத்த நரம்பும் மூளையின் பாதி வேலையும்

மணிக்கட்டில் கண்ணாடி கிழித்து நரம்பு அறுந்தவர்கள் பலர், ஆபரேஷன் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மீதி வேலை மூளையில் நடக்க வேண்டும்.

தைத்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. தான் வளரும். விரல் நுனியைத் தொட மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மூளையில் அந்த விரல்களுக்கான இடம் சும்மா கிடக்காது. 1983-இல் மூளை ஆய்வாளர்கள் மெர்சனிக், காஸ் குழுவினர் குரங்குகளின் மீடியன் நரம்பை (மணிக்கட்டு வழியாகக் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் பக்கம் போகும் நரம்பு) வெட்டிப் பார்த்தார்கள். மூளையில் அந்த நரம்புக்கான இடத்தின் பெரும்பகுதி, கையின் மற்ற பாகங்களைத் தொட்டால் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தது.

வளரும் இழைகள் பல, பழைய இடத்துக்கே போய்ச் சேர்வதும் இல்லை. ஆட்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலில் தெரியும். பைக்குள் கைவிட்டால் சாவியா, சில்லறையா, பிடிபடாது. "நரம்பு ஒட்டலை போல" என்று பயந்து பலர் தொட்டறியும் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்கமாட்டேன் என்கிறது. அது மூளை புதுசாகக் கற்க வேண்டிய கட்டம். ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே தடவுங்கள், கண்ணை மூடித் தடவுங்கள், திரும்பப் பாருங்கள். தினமும்.

ஸ்வீடனின் மால்மோவில் கை அறுவை மருத்துவர் லண்ட்போர்க் குழுவினர் முன்கையில் மரத்துப்போகும் களிம்பு பூசிப் பார்த்தார்கள். விரல்களின் உணர்வு கூடியது! முன்கையின் செய்தி நின்றதும், மூளையில் பக்கத்திலிருக்கும் கைக்கு இடம் கிடைக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

வீட்டில் யாருக்காவது நரம்பு தைத்திருந்தால், பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். உணர்வு திரும்பும்வரை அடுப்படியில் கவனம், சூடு தெரியாது.