ஃபைன் ஆர்ட்ஸ்ல சேரப் போறீங்களா, முதல்ல போன உள்ள வைங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரமே ஆரம்பிச்சிரும். சிவகாசில எங்க வீட்டுக்கு யாராவது ஒரு அண்ணாச்சி தன் பையனையோ பொண்ணையோ கூட்டிட்டு வந்து உக்காந்துருவாரு, "பாப்பா நீ மெட்ராஸ்ல ஓவியம் படிச்சவளாமே, இவனும் நல்லா வரைவான், என்ன ஏதுன்னு கொஞ்சம் பாரு"ன்னு. பையன் தலைய குனிஞ்சுகிட்டே போன எடுத்து கேலரிய திறப்பான். விஜய், தோனி, அப்துல் கலாம், நயன்தாரா, எல்லாம் பென்சில் ஷேடிங். முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா இருக்கும், கண்ணுக்குள்ள வெளிச்சப் புள்ளி கரெக்டா விழுந்திருக்கும். நிஜமாவே நல்லாதான் இருக்கும், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், "இந்தா உங்கப்பா முன்னாடிதான உக்காந்திருக்காரு, பத்து நிமிஷத்துல அவர வரை." அவ்வளவுதான், பையனுக்கு மூஞ்சி தொங்கிரும். அண்ணாச்சி மட்டும் சட்டை பட்டன சரி பண்ணிட்டு நிமிந்து உக்காருவாரு.

விஷயம் அதுலதான் இருக்கு. போட்டோ அசையாது, பக்கத்துல வச்சு கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டமா நிரப்பிறலாம். நிஜ மனுஷன் மூச்சு விடுவான், திரும்புவான், லைட் மாறும், எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. காலேஜ் என்ட்ரன்ஸ்ல பாக்குறதும் அதுக்கப்புறம் நாலு வருஷம் சொல்லிக் குடுக்குறதும் இந்த ரெண்டாவது வேலையத்தான்.

சரி முதல்ல எங்கெங்க படிக்கலாம்னு சொல்லிர்றேன், இது கூட தெரியாமதான் நிறைய பேர் வர்றாங்க. நான் படிச்சது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, பெரியமேடு பக்கம், எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிறலாம். 1850-ல அலெக்சாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச ஸ்கூல், இந்தியாவுலயே ரொம்ப பழசு. கும்பகோணத்துல ஒரு அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கு. சிற்பம், மரபு ஓவியம், கோயில் கட்டடக்கலைன்னு ஆசை இருந்தா மாமல்லபுரம் இருக்கு. பாண்டிச்சேரி பக்கம் அரியாங்குப்பத்துல பாரதியார் பல்கலைக்கூடம். வெளியூர் போக தைரியமும் வீட்டுல சம்மதமும் இருந்தா பரோடா, சாந்திநிகேதன். பிஎஃப்ஏ, அதான் ஃபைன் ஆர்ட்ஸ் டிகிரி, நாலு வருஷம், இங்க பிளஸ் டூல எந்த குரூப் எடுத்திருந்தாலும் அப்ளை பண்ணலாம், பயாலஜி படிச்சவங்க காமர்ஸ் படிச்சவங்க எல்லாம் என் கிளாஸ்ல இருந்தாங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க, ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல இருக்குற பிஎஸ்சி விஸ்காம் வேற, பிஎஃப்ஏல இருக்குற விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் வேற. அது கேமரா, எடிட்டிங், மீடியா பக்கம் போகும். இது போஸ்டர், லோகோ, எழுத்துரு, பேக்கேஜிங்னு டிசைன் பக்கம். ரெண்டையும் குழப்பிக்கிட்டு பீஸ் கட்டினதுக்கப்புறம் அழுதவங்கள நான் பாத்திருக்கேன்.

என்ட்ரன்ஸ். உக்காந்து வரையிற டெஸ்ட்தான். எங்க செட்டுக்கு நடுவுல ஒரு ஸ்டூல் போட்டு மண்பானை, மடிச்சுப் போட்ட ஒரு துணி, ரெண்டு வாழைப்பழம், அத சுத்தி நாங்க. அப்புறம் மனசுல இருந்து கலர்ல ஒரு காட்சி, பஸ் ஸ்டாண்டுன்னு குடுத்தாங்க. எனக்குப் பக்கத்துல இருந்த பொண்ணு ஒரு கோச்சிங் சென்டர்ல போய் படிச்சிட்டு வந்தவ, அவங்க சந்தை, திருவிழா, மழைநாள்னு மூணு சீன மனப்பாடம் பண்ண வச்சு அனுப்பிருக்காங்க, சீட் கேரன்டின்னு வேற சொல்லி காசு வாங்கிருக்காங்க. பஸ் ஸ்டாண்டுன்னதும் அவ மழைநாள் சீன்ல ஒரு பஸ்ஸ கொண்டு வந்து நிறுத்திட்டா. குடை புடிச்சிருக்குற எல்லாரும் பஸ்ஸுக்கு முதுக காட்டிட்டு நிக்கிறாங்க.

நான் தயாரான விதம் ரொம்ப சிம்பிள், காசும் செலவாகல. எங்கப்பா ஆப்செட் பிரஸ்ல மிஷின் ஓட்டுறவரு. சிவகாசில ஆடிப்பெருக்குக்கு புது காலண்டர் ஆல்பம் வெளிவரும், அதுல இருந்து மார்கழி வரைக்கும் பிரஸ்ஸுக்கு தூக்கம் கிடையாது. மிஷின செட் பண்றப்ப முதல்ல ஓடுற ஷீட்டெல்லாம் வேஸ்ட், கலர் நகந்திருக்கும், முருகனுக்கு மூக்கு ஒரு பக்கமும் அதோட சிவப்பு ஒரு பக்கமும் நிக்கும். அந்த டெம்மி சைஸ் ஷீட்ட கட்டு கட்டா அப்பா கொண்டு வருவாரு, பின்பக்கம் வெள்ளையா இருக்கும்ல, அதுலதான் வரைஞ்சு தள்ளுனேன். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா எங்க ஆச்சி தீப்பெட்டி ஒட்டுற ஸ்கெட்ச்சுக்குப் பின்னாடி லட்சுமி தலைகீழா தெரிவாங்க. ஹாஸ்டலுக்கும் ஒரு கட்டு எடுத்துட்டுப் போனேன், வந்த வாரமே பாதி காணோம், யாரு எடுத்தான்னு எல்லாருக்கும் தெரியும்.

ஊர்ல போர்டு எழுதுற ஒரு ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சிதான் எனக்கு முதல் வாத்தியார். ஃபிளக்ஸ் வந்து அவர் பொழப்ப காலி பண்ணிருச்சு, ஆனா கையி சுத்தமான கையி. கோவில்பட்டில கொண்டையராஜுன்னு ஒருத்தர் இருந்தாரே, நம்ம வீட்டு பூஜை ரூம் காலண்டர்ல இருக்குற சாமி முகம் பாதி அவரும் அவரோட சிஷ்யர்களும் போட்டதுதான். அந்த வழியில வந்தவரு நம்ம அண்ணாச்சி. கொண்டையராஜுவும் இதே மெட்ராஸ் ஆர்ட் ஸ்கூல்ல படிச்சவர்தான், அப்புறம் நாடக கம்பெனிக்கு சீன் வரைஞ்சு கடைசில கோவில்பட்டில வந்து உக்காந்துட்டாரு. இத சொல்லித்தான் அப்பாவ சம்மதிக்க வச்சேன். அம்மாவுக்கு வேற மருந்து, "நடிகர் சிவகுமார் படிச்ச காலேஜும்மா". அதோட பேச்சு முடிஞ்சது. சிவகுமார் சாருக்கே தெரியாது, அவர் பேர சொல்லி எத்தன புள்ளைங்க தமிழ்நாட்டுல ஓவியம் படிக்க கெளம்பிருக்குன்னு.

முதல் வருஷம் பூரா அடிப்படைதான். பென்சில நீட்டிப் பிடிச்சு, முழங்கை மடங்காம, ஒரு கண்ண மூடி, கட்டைவிரல்ல அளவு எடுக்கணும், தலை ஒண்ணுன்னா உடம்பு எத்தன தலைன்னு. இத முதல் நாள் செய்றப்ப சிரிப்பா வரும், சினிமால ஓவியர்னா இப்படித்தான் காட்டுவாங்கன்னு. ஒரு மாசத்துல பஸ்ல போறப்ப முன் சீட் ஆள் காதுக்கும் தோளுக்கும் நடுவுல எவ்ளோ இடம்னு கை தானா அளக்கும். பானைய வரையாத, பானைக்கும் கைப்பிடிக்கும் நடுவுல இருக்குற ஓட்டைய வரைன்னு ஒரு சார் சொல்லுவாரு, அப்படி வரைஞ்சா பானை சரியா வந்து நிக்கும், இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான். டெய்லி ஸ்கெட்ச் வேற காட்டணும். அதுக்கு சென்ட்ரல் ஸ்டேஷன விட நல்ல எடம் கிடையாது, தலைமுறை தலைமுறையா ஆர்ட் காலேஜ் பசங்க அங்கதான் போய் உக்காருவாங்க. தூங்குறவங்கதான் பெஸ்ட் மாடல், லக்கேஜ் மேல தலைய வச்சு வாய பொளந்து தூங்குற ஆளு அரை மணி நேரம் அசையமாட்டாரு. பசங்க ராத்திரி பூரா அங்கயே கெடப்பாங்க, பொண்ணுங்க நாங்க விடியக்காலை டிரெயின் வர்ற நேரத்துக்குப் போவோம், ஹாஸ்டல் கேட் திறக்கிறதப் பொறுத்து. இது நியாயமான்னு கேட்டா இல்லதான். ஆனா காலைல வர்ற கூட்டம் ஓடுற கூட்டம், அத வரைஞ்சு வரைஞ்சு எங்க கோடு பசங்க கோட்ட விட வேகமா ஆயிருச்சுன்னு நாங்க பீத்திக்குவோம்.

மத்த நாள்ல எழும்பூர் மியூசியம். வெண்கல கேலரில திருவாலங்காட்டு நடராஜர் இருக்காரு. காலண்டர்ல ஆயிரம் நடராஜர் பாத்து வளந்தவ நான், முன்னாடி நின்னு வரையிறப்பதான் இடுப்பு எவ்ளோ திரும்பியிருக்கு, வெயிட்டு மொத்தமும் ஒத்தக் கால்ல எப்படி இறங்குதுன்னு தெரிஞ்சுது. காலண்டர்க்காரங்க மொகத்துல இருக்குற அழகுலயே நின்னுருவாங்க, அத நான் மட்டமா சொல்லல, அவங்களுக்கு வேண்டியது அது.

களிமண் கிளாஸ் பத்தி ஒண்ணு. தலை செய்யணும்னா உள்ள கம்பி, கட்டைன்னு ஒரு எலும்புக்கூடு கட்டணும், ஆர்மேச்சர்னு சொல்வாங்க. அத ஒழுங்கா கட்டலன்னா நீங்க கஷ்டப்பட்டு செஞ்ச தாத்தா தலை மறுநாள் காலைல நெஞ்சுல கெடக்கும். சாயங்காலம் ஈரத்துணி சுத்தி மேல பாலிதீன் போட்டு மூடணும், லீவுன்னா யாராவது லோக்கல் ஃப்ரெண்டு வந்து தண்ணி தெளிக்கணும். மெரினால உழைப்பாளர் சிலை இருக்குல்ல, 1959-ல வச்சது, அத செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி எங்க காலேஜ் பிரின்சிபலா இருந்தவரு. அந்த சிலைக்கு காலேஜ் வாட்ச்மேனே மாடலா நின்னாருன்னு சீனியர்ஸ் கதையா சொல்லுவாங்க. ராய் சௌத்ரிக்குப் பின்னாடி பிரின்சிபலா வந்த கே.சி.எஸ். பணிக்கர் சாரும் அவர சேந்தவங்களும் மெழுகு வச்சு சாயம் போடுற பாத்திக் துணி, கைவினைப் பொருள் வித்த காச போட்டு 1966-ல ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம்னு ஒரு ஓவியர் கிராமமே உண்டாக்கிட்டாங்க. ஓவியத்த மட்டும் நம்பி சாப்பிட முடியாதுன்னு தெரிஞ்சு அதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சவங்க. ஆர்ட் ஹிஸ்டரி கிளாஸ்ல நான் தூங்காம இருந்தது இத கேட்ட அன்னிக்கு மட்டும்தான்.

செலவு கேக்குறீங்க. அரசு காலேஜ்ல பீஸ் பெருசா தெரியாது, மெட்டீரியல்தான் ஆள முழுங்கும். ரெடிமேட் கேன்வாஸ் வாங்குறது பணக்கார வேலை. காடா துணி வாங்கி, ஃபிரேம்ல நாலு பக்கமும் இழுத்து ஆணி அடிச்சு, ஃபெவிகால தண்ணில கரைச்சு ஒரு கோட்டு, காஞ்சதும் பிரைமர் ஒரு கோட்டு, உப்புத்தாள் போட்டு தேச்சு மறுபடி பிரைமர். மொட்டை மாடில காய வச்சா காக்கா வந்து நடந்துட்டுப் போகும், ஒருத்தன் அந்த கால் தடத்த அப்படியே விட்டு படம் வரைஞ்சு மார்க்கும் வாங்கிட்டான். ஆயில் டியூப்ல சிவப்பும் மஞ்சளும்தான் சீக்கிரம் தீரும், விலையும் அதுதான் அதிகம், ரூம்ல நாலு பேர் பங்கு போட்டு வாங்குவோம்.

நான் எடுத்தது பிரின்ட்மேக்கிங், கல்லுலயோ தகட்டுலயோ படத்த உண்டாக்கி கையால அச்செடுக்கிற கலை. வரைய வந்துட்டு அச்சடிக்கப் போறியான்னு ஊர்ல எல்லாரும் சிரிச்சாங்க, அதுக்கு சிவகாசிலயே இருந்திருக்கலாமேன்னு. வருஷக் கண்காட்சிக்கு அப்பா பொதிகை எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கினாரு. பெயின்டிங் ஹால்ல கைய பின்னாடி கட்டிட்டு மரியாதையா நடந்தாரு, ஒண்ணும் பேசல, ஒரு அப்ஸ்ட்ராக்ட் முன்னாடி மட்டும் "இது எந்தப் பக்கம் மேல"ன்னு மெதுவா கேட்டாரு. எங்க டிபார்ட்மென்டுக்கு வந்ததும் லித்தோ கல்லப் பாத்து நின்னுட்டாரு. சுண்ணாம்புக் கல்லுப்பா, மேல கொழுப்புக் க்ரேயான்ல வரைவோம், அப்புறம் கம் அராபிக்ல ரெண்டு சொட்டு நைட்ரிக் ஆசிட் விட்டு தடவுவோம், ஈர ஸ்பாஞ்சால துடைச்சிட்டு மை உருட்டுனா வரைஞ்ச எடத்துல மட்டும் மை பிடிக்கும், தண்ணி இருக்குற எடம் மைய தள்ளிரும்னு நான் ஆரம்பிச்சேன், பாதில நிறுத்திட்டாரு. "இது நம்ம மிஷின்லா" அப்படின்னாரு. மிஷின நிறுத்துறப்ப பிளேட்டுக்கு கம் போடுவோம்ல அதான இது, தண்ணி கூடுனா கலர் வெளுக்கும், குறைஞ்சா வெள்ளையிலயும் மை ஏறிரும், இதுக்குத்தான அங்க ராப்பகலா சாகுறோம்னு எங்க லேப் அசிஸ்டென்ட் கூட பேச ஆரம்பிச்சவரு மதிய சாப்பாட்ட மறந்துட்டாரு. செனஃபெல்டர்னு ஒருத்தர் ஜெர்மனில 1796-ல கண்டுபுடிச்சது, ஆப்செட் இதுல இருந்து வந்ததுதான்னு சொன்னேன். சட்டைப் பையில இருந்து லென்ஸ எடுத்து (ஆமா, கண்காட்சிக்கும் லென்ஸோடதான் வந்திருக்காரு) என் பிரின்ட்ல குனிஞ்சு டாட்ட, அதான் ஆப்செட்ல கலர் விழுற குட்டிக் குட்டிப் புள்ளிய, தேடுனாரு. லித்தோல டாட் கிடையாது, க்ரேயான் பொடிதான் தெரியும். ரொம்ப நேரம் பாத்தாரு. "ரிஜிஸ்டர் அரை மில்லி தள்ளிருக்கு" அப்படின்னாரு. ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா உக்காரலன்னு அர்த்தம். தள்ளித்தான் இருந்துச்சு, மார்க் போட்ட சார் கூட கவனிக்கல.

வேலை? நேராவே சொல்றேன். கவர்மென்ட் டிராயிங் மாஸ்டர் வேலைன்னு கனவு கண்டு வராதீங்க, 2012-ல பகுதிநேர ஆசிரியரா சேந்தவங்க 5,000 ரூபா சம்பளத்துல ஆரம்பிச்சு பல வருஷம் நிரந்தரம் கேட்டு போராடிட்டுதான் இருந்தாங்க. என்கூட படிச்சவங்கள்ல சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட், ஸ்டோரிபோர்டு, கேம் கம்பெனி, துணி டிசைன், சுவர் ஓவியம்னு எல்லாத்துலயும் இருக்காங்க, ஒருத்தி கல்யாண மண்டபத்துல லைவா பெயின்ட் பண்ணி எங்க எல்லாரையும் விட அதிகமா சம்பாதிக்கிறா. ரெண்டு பேர் மட்டும் முழுநேரம் ஓவியமே கதின்னு கெடக்காங்க, வீட்டுல வாடகை கட்டுறது மனைவி. நான் பகல்ல பேக்கேஜிங் டிசைன், ராத்திரி லினோகட், அதான் லினோலியம் ஷீட்ல செதுக்கி அச்செடுக்கிறது. சந்தோஷமா இருக்கியான்னு கேட்டா, மாசக் கடைசிய தவிர இருக்கேன்.

ஆக, இப்ப கையில இருக்குற ரெண்டு மாசத்துல செய்ய வேண்டியது: வீட்டுல வெங்காயம் உரிக்கிற அம்மா, டீக்கடை பெஞ்சு, செருப்பு குவியல், நிக்கிற சைக்கிள், இதெல்லாம் நேர்ல பாத்து. சைக்கிள் கஷ்டம், அதனால தினமும் சைக்கிள். டெஸ்ட் அன்னிக்கு 2பி, 4பி, 6பி பென்சில், பிளேடு, போர்டு, கிளிப், போஸ்டர் கலர், தண்ணி ஊத்த ஒரு டப்பா, கை துடைக்க பழைய வேட்டித் துணி. ஜாதி சான்றிதழ், டிசி, மார்க் ஷீட் ஒரிஜினலையும் ஜெராக்ஸையும் கலர் டப்பா இருக்குற பையில வைக்காதீங்க, தனியா அப்பா கையில குடுத்துருங்க. அவருக்கும் அங்க வெளியில உக்காந்து செய்ய ஏதாவது வேலை வேணும்ல.